காக்கும் கையும் காக்கப்படும் உலகும்: மோனிகா ஹியூஸின் சிறுவர் நூல்கள்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில், கனடா நாட்டில் ஆங்கிலத்தில் சிறுவர்க்காக எழுதிய ஒருவரைப் பற்றிய உரை எதற்கு என்ற வினா எழக்கூடும். அவர் கவிஞருமல்லர். எனினும் அவருடைய கதைகளை ஒருசேரப் படிப்போர்க்கு, வளர்ந்தோர் இலக்கியம் தயங்கித் தயங்கித் தொடும் ஒரு சிக்கலை அவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நேராகக் கொண்டு போய் வைத்திருப்பது புலப்படும். அந்தத் துணிவு கருதியே இந்த உரை.

கணிதம் பயின்றோர்க்கு இன்ஸ் என்ற பெயர் புதியதன்று. எட்வர்ட் லிண்ட்சே இன்ஸ் 1920களில் எழுதிய வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய நூல் பல தலைமுறை மாணவர்களின் கையில் புழங்கியது. லிவர்பூலில் பணியாற்றிய அவர் அந்நாளில் கெய்ரோ நகருக்குச் சென்று எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவருடைய மகளாக 1925 நவம்பர் 3ஆம் நாள் லிவர்பூலில் பிறந்தவரே பின்னாளில் மோனிகா ஹியூஸ் என அறியப்பட்டவர். கைக்குழந்தையாகக் கெய்ரோ சென்ற அவர் ஏறத்தாழ ஆறு வயது வரை அங்கே வளர்ந்தார். பாலைவனமும் பழைய தெய்வங்களின் பெயர்களும் அந்த வயதில் அறிமுகமாயின. அவர் படைத்த கோள் ஒன்றுக்கு ஐசிஸ் என்றும் அதன் கதிரவனுக்கு ரா என்றும் பெயர் அமைந்ததை இதனோடு இணைத்துப் பார்க்கலாம்.

பின்னர் இங்கிலாந்து, அதன்பின் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. எடித் நெஸ்பிட்டின் மாயக் கதைகளும் ழூல் வெர்னின் பயணக் கதைகளும் அவருடைய இளமைப் படிப்பு. 1941-இல் தந்தை மறைந்தார். 1943 முதல் 1946 வரை பிரித்தானியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணி. போர் முடிந்தபின் இலண்டனிலும், ஆப்பிரிக்காவில் அன்று ரொடீசியா என வழங்கிய நாட்டின் புலவாயோ நகரிலும் ஆடை வடிவமைத்தார். வங்கியில் எழுத்தராகவும் இருந்தார். 1952-இல் கனடா வந்து ஒட்டாவா நகரில் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகத்தில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தார். 1957-இல் திருமணம். நான்கு பிள்ளைகள். 1964-இல் குடும்பம் ஆல்பர்ட்டா மாநிலத்தின் எட்மண்டன் நகரில் குடியேறியது. 2003 மார்ச் 7ஆம் நாள் மறையும் வரை அதுவே அவர் ஊர்.

இந்த வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மூன்று கண்டங்களில் வாழ்ந்து, எழுத வேண்டும் என்ற விருப்பத்தை இளமை முதல் சுமந்தவர், சிறுவர் இலக்கியத்தைத் தம் துறையாகத் தேர்ந்தபோது நாற்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். நூலகத்துச் சிறுவர் பகுதியின் நூல்களை முறையாகப் படித்துவிட்டே எழுத அமர்ந்தார் என்பர். முதல் நூல் 1974-இல் வெளிவந்தது. பொன் தேடிச் சென்றோர் பற்றிய சாகசக் கதை அது. அடுத்த ஆண்டு வந்த நூலிலிருந்தே அவருடைய உண்மையான வழி தொடங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பின்னைய கால் நூற்றாண்டில் அவர் எழுதி முடித்தார். பிள்ளைகள் வளரும்வரை எழுத்தை ஒத்திவைத்த பெண் எழுத்தாளர் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் உண்டு. காத்திருந்த காலம் வீணாகவில்லை என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுள் சிலர்க்கே வாய்க்கிறது.

அந்த இரண்டாம் நூல் ‘கான்ஷெல்ஃப் பத்தில் நெருக்கடி’. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ 1962 முதல் 1965 வரை கடலடியில் மனிதரைத் தங்க வைத்து மூன்று சோதனைகள் செய்தார். அவற்றுக்குக் கான்ஷெல்ஃப் என்று பெயர். கூஸ்தோவின் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டதே நூலுக்கு வித்து. எனினும் கதை கடலில் தொடங்கவில்லை. நிலவில் பிறந்த சிறுவன் ஒருவனிடம் தொடங்குகிறது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. அங்கே வளர்ந்த கெப்ளர் என்ற அச்சிறுவன் தந்தையோடு பூமிக்கு வரும்போது தன் உடலே தனக்குப் பாரமாகிறது. நடக்க இயலாதவன் நீரில் மிதக்கலாம் என்பதால் கடலடிக் குடியிருப்புக்கு அனுப்பப்படுகிறான். அங்கே, நீரில் மூச்சுவிடும்படி தம் உடலை மாற்றிக்கொண்ட மனிதர்களைக் காண்கிறான். நூலின் சாகசப் பகுதி அந்நாளைய பிற சாகச நூல்களை ஒத்ததே. ஆனால் உடலுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு, பொருந்தாதபோது எதை மாற்றுவது என்ற வினா, இரண்டும் இந்த முதல் முயற்சியிலேயே வந்துவிட்டன.

பொருந்தாதபோது நிலத்தை மாற்றுவதா, மனிதனை மாற்றுவதா? மாற்றும் உரிமை எவருக்கு? அந்த உரிமையை அன்பு தருமா? மோனிகா ஹியூஸின் சிறந்த நூல்கள் யாவும் இந்த மூன்று வினாக்களைச் சுற்றியே நிற்கின்றன. அவருடைய அறிவியல் புனைகதைகளையும் இயற்கை சார்ந்த கதைகளையும் இருவேறு அலமாரிகளில் வைப்பது நூலக வழக்கம். இரண்டிலும் ஓடுவது ஒரே நூலிழை.

அவர் நூல்களுள் தலைசிறந்தது 1980-இல் வெளிவந்த ‘தி கீப்பர் ஆஃப் தி ஐசிஸ் லைட்’. ‘ஐசிஸ் கலங்கரை விளக்கின் காப்பாளர்’ என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971-இல் டேவிட் என்ற குழந்தை நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்தது. கிருமி தீண்டாத நெகிழித் தாள் கூண்டுக்குள் அவனை வளர்த்தனர். தாயின் விரல் கையுறை இன்றி அவனைத் தொட இயலாது. 1984-இல், பன்னிரண்டு வயதில், அவன் இறந்தான். அவன் உயிரோடிருந்தபோது வந்த செய்தி ஒன்றைப் படித்த மோனிகா ஹியூஸின் உள்ளத்தில் எழுந்தது மருத்துவ வினா அன்று: அந்தச் சிறுவன் தனிமையை உணர்கிறானா? இந்த வினாவிலிருந்தே நாவல் முளைத்தது.

கதை இது. ஐசிஸ் என்ற தொலைதூரக் கோளில் விண்கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு ஒன்று. அதைக் காத்த கணவனும் மனைவியும் விண்புயல் ஒன்றில் இறந்துவிட, அவர்களின் சிறுமகள் ஓல்வென் மட்டும் எஞ்சுகிறாள். அவளை வளர்ப்பது கார்டியன். பாதுகாவலன் என்பது அப்பெயரின் பொருள். கார்டியன் ஓர் எந்திரம் என்பது நூலின் பெரும்பகுதி வரை ஓல்வெனுக்கும் தெரியாது, படிப்பவர்க்கும் தெரியாது. ஐசிஸ் கோளின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் மட்டுமே மனிதர் இயல்பாக வாழலாம். மேட்டு நிலத்தில் காற்று மெல்லியது. புற ஊதாக் கதிர் கடுமையானது. ஓல்வெனோ அந்த மேட்டு நிலமெங்கும் ஆடு மேயும் விடலை போலத் தடையின்றித் திரிகிறாள். ஐசிஸ் கணக்கில் பத்து வயது, பூமிக் கணக்கில் பதினாறு. தனிமை என்றால் என்ன என்பதே அறியாத மகிழ்ச்சி.

பிறகு பூமியிலிருந்து குடியேறிகள் வருகின்றனர். அவர்களைக் காணச் செல்லுமுன் கார்டியன் அவளுக்கு ஓர் உடையும் முகத்தை மூடும் கவசமும் செய்து தருகிறது. பூமியின் கிருமிகள் தொற்றாதிருக்க என்று காரணம் கூறுகிறது. ஓல்வென் நம்புகிறாள். குடியேறிகளுள் மார்க் என்ற இளைஞனோடு நட்பு மலர்ந்து காதலாகிறது. ஒருநாள் அவளைத் தேடி மேட்டு நிலத்துக்கு ஏறிவரும் மார்க், கவசமற்ற அவளைக் காண்கிறான். அதிர்ந்து பின்வாங்கிப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறான்.

அவன் கண்டது என்ன? இறந்த தாய்க்குக் கார்டியன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: குழந்தையைப் பத்திரமாகவும் மகிழ்ச்சியாகவும் வைத்திருக்க வேண்டும். எந்திரம் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கில் அடைபட்ட குழந்தை மகிழ்ச்சியாக இராது. மேட்டில் திரியும் குழந்தை பத்திரமாக இராது. ஆகவே குழந்தையின் உடலை மாற்றியது. கதிர் ஊடுருவாத செதிலுடைய தடித்த தோல், மெல்லிய காற்றை மிகுதியாக இழுக்கும் அகன்ற மூக்கு, கண்ணைக் காக்கும் கூடுதல் இமை. பின்னர் அவ்வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடியும் இல்லாமல் பார்த்துக்கொண்டது.

இவ்விடத்தில் ஓர் எளிய எழுத்தாளர் எந்திரத்தைக் கொடியதாக்கியிருப்பார். மகளின் கண்ணீரோடு கதையை முடித்திருப்பார். மோனிகா ஹியூஸ் அப்படிச் செய்யவில்லை. உண்மை அறிந்த ஓல்வென் கண்ணாடி கேட்கிறாள். தன்னைப் பார்க்கிறாள். தன் உடல் தன் நிலத்துக்கு ஏற்ற உடல் என்பதைக் காண்கிறாள். அருவருப்பு பார்ப்பவர் கண்ணில் இருந்ததே தவிர அவளிடம் இல்லை. அவள் வளர்த்த ஹாபிட் என்ற விலங்கைக் குடியேறிகள் கொடிய மிருகம் என்று கொன்றுவிட்டதும் இதே பார்வையின் செயல். விண்புயலில் வழிதவறிய ஜோடி என்ற கறுப்பினச் சிறுவனை ஓல்வென் காப்பாற்றும் பகுதி நூலின் மிக மென்மையான இடம். அச்சிறுவனுக்கு அவளைக் கண்டு அச்சமில்லை. முகம் வேறானவள் என்பது அவனுக்கு ஒரு செய்தி மட்டுமே.

ஆனால் கார்டியன் செய்தது சரியா? நூல் இதற்கு விடை சொல்வதில்லை. உடல் மாற்றம் அவளுக்கு ஒரு கோளையே தந்தது, மனிதரைப் பறித்தது. மாற்றியதைக் காட்டிலும் மறைத்ததே பெரிய தீங்கு என்று வாதிட இடமுண்டு. கண்ணாடி இருந்த வீட்டில் வளர்ந்திருந்தால் கவசம் தேவைப்பட்டிராது. மார்க் பாறையிலிருந்து விழுந்திருக்கவும் மாட்டான். ஓல்வென் தன்னைக் காத்த கையை வெறுக்காமலும் மனிதரிடம் கெஞ்சாமலும் மேட்டு நிலத்தில் தனித்து வாழ முடிவு செய்கிறாள். இப்போது அது தனிமை. முன்பு இருந்தது தனிமை அன்று. டேவிட்டைப் பற்றி எழுந்த வினாவுக்குக் கிடைத்த விடை இதுவே எனலாம்: மற்றோர் வரும்வரை தனிமை என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, அந்நாளில் பெரும் பரிசு எதுவும் பெறாத சிறந்த சிறுவர் நூல்களைத் தேடி எடுத்து வழங்கப்படும் ஃபீனிக்ஸ் விருது 2000-ஆம் ஆண்டில் இந்நாவலுக்கு அளிக்கப்பட்டது. பரிசுக் குழுக்கள் தாமதமாகவேனும் சரியாகப் படிப்பதுண்டு.

அடுத்த ஆண்டே வந்த தொடர்ச்சி ‘கார்டியன் ஆஃப் ஐசிஸ்’ கனடா கலைக்குழுமத்தின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்றது. தலைமுறைகள் கடந்துவிட்டன. மார்க் முதியவன், குடியேறிகளின் தலைவன். பள்ளத்தாக்கு மக்கள் அறிவியலை மறந்துவிட்டனர். கார்டியன் அவர்களுக்குத் தெய்வம். ஓல்வெனோ பிள்ளைகளை அச்சுறுத்தும் பெயர். மறைக்கப்பட்ட ஓர் உண்மை முதலில் வதந்தியாகி, பின் சடங்காகி, இறுதியில் சமயமாக உறையும் வழியை இத்துணைச் சிறிய நூலில் காட்டியது அருமை. வெட்கப்பட்ட ஓர் இளைஞனின் மௌனத்திலிருந்து ஒரு தொன்மம் பிறக்கிறது. வரிசையின் மூன்றாம் நூல், ஊர் ஏமாற்றும் விண்வெளி வணிகன் ஒருவனைப் பற்றிய வேடிக்கைக் கதை, படிக்கலாம், அவ்வளவே.

ஐசிஸ் வரிசையில் மாற்றப்பட்டது மனித உடல். 1982-இல் வெளிவந்த ‘ரிங்-ரைஸ், ரிங்-செட்’ நாவலில் மாற்றப்படுவது நிலம். வருங்காலத்தில் பூமியைச் சுற்றி, சனிக் கோளுக்கு இருப்பது போன்ற வளையம் ஒன்று அமைந்துவிடுகிறது. அதன் நிழலால் பூமி குளிர்ந்து பனியுகம் நெருங்குகிறது. கனடாவின் வடகோடியில் நிலத்தடி நகரம் ஒன்றில் அறிவியலாளர்கள் இதற்குத் தீர்வு தேடுகின்றனர். வெண்பனி கதிரொளியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு ஒளியை உள்வாங்கும். ஆகவே பனிமேல் கறுப்புப் பாசியைப் பரப்பினால் வெப்பம் ஏறி அது உருகும். கணக்குச் சரியானதே. மனித இனத்தைக் காக்கும் நோக்கமும் தூயதே. ஆனால் அந்தப் பனிவெளி வெற்றிடமன்று. இன்யூட் மரபில் வந்த வேட்டைக்குடி மக்கள் அங்கே காரிபூ மான்களை நம்பி வாழ்கின்றனர். பாசி படர்ந்த நிலத்தில் மான்கள் மடிகின்றன. நகரத்திலிருந்து தப்பி வந்து அம்மக்களிடம் அடைக்கலம் புகுந்த லைசா என்ற பெண், தன் இனத்தார் மனிதகுலத்தைக் காக்கும் முயற்சியில் மனிதர் சிலரைக் கொன்றுகொண்டிருப்பதைக் காண்கிறாள்.

இது ஆசிரியரின் வெறும் கற்பனையன்று. பூமி குளிர்ந்துவிடும் என்ற அச்சம் 1970களில் இதழ்களில் பேசப்பட்டது. 1975 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ இதழில் வந்த கட்டுரை, வடதுருவப் பனிமீது கரி படரச் செய்து உருக்கலாம் என்ற யோசனையையும் குறிப்பிட்டிருந்தது. குளிர் அச்சம் பொய்த்து, பூமி வெப்பமாவதே உண்மை என்று இன்று உறுதியாகிவிட்டது. ஆயினும் நாவல் பழமைப்படவில்லை. கறுப்பைப் பரப்பி வெப்பமாக்கும் யோசனைக்கு மாறாக, வானில் நுண்துகள் தூவிக் கதிரொளியைத் திருப்பிக் குளிர்விக்கும் யோசனை இன்று ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் தொடர்பாக 2021-இல் ஸ்வீடனின் வடபகுதியில் பலூன் ஒன்றைப் பறக்கவிடத் திட்டமிட்டனர். துகள் தூவாத, கருவியை மட்டும் சோதிக்கும் பறப்பு அது. கலைமான் மேய்க்கும் தொல்குடியான சாமி மக்களின் மன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. பறப்பு நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது. மான் மேய்ப்போரும் வானத்தைத் திருத்த முனைவோரும் எதிரெதிரே நின்ற இந்தக் காட்சியைச் சிறுவர் நாவல் ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தது.

தமிழ்ப் பொருளிலக்கணம் அறிந்த அவையில் இதை விளக்கப் பல சொற்கள் வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிரும் தொழிலும் உணவும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். முதற்பொருளில் கைவைத்தால் கருப்பொருள் மடியும். கருப்பொருள் மடிந்தால் உரிப்பொருள் நிற்க இடமின்றி அலையும். மான் இல்லாத பனிவெளியில் வேட்டைக்குடியின் பாடலுக்கும் பகிர்ந்துண்ணும் முறைக்கும் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கத்துக்கும் என்ன ஆகும்? மோனிகா ஹியூஸ் திணைக் கோட்பாடு அறிந்தவரல்லர். நிலத்தைக் கவனித்து எழுதும் எவரும் அந்த வாயிலுக்கு வந்து சேர்கின்றனர்.

இதே வினாவை வேறு வேறு உடையில் கொண்ட நூல்கள் பல. 1978-இல் வந்த ‘நாளைய நகரம்’ கதையில் நகரை நிர்வகிக்கும் கணிப்பொறியிடம், அதனை வடிவமைத்தவரின் மகளே, பிள்ளைகளுக்கு நல்லது செய்யச் சொல்கிறாள். அது செய்கிறது. நகரம் சிறையாகிறது. 1994-இல் வந்த ‘தி கோல்டன் அக்வேரியன்ஸ்’ நாவலில் கோள்களை மனிதர்க்கேற்ப மாற்றியமைப்பதையே தொழிலாகக் கொண்ட படையதிகாரியின் மகன் வால்ட், தந்தை மாற்றிக்கொண்டிருக்கும் நீர்க்கோளின் தவளை போன்ற உயிர்கள் அறிவுடையவை என்பதை உணர்கிறான். மாற்றும் தந்தையும் பார்க்கும் மகனும் என்ற அமைப்பு மிக நேராக இருப்பதால் கதையின் முடிவு முன்னரே தெரிந்துவிடுகிறது. 1990-இல் வந்த ‘விளையாட்டுக்கு அழைப்பு’ இவற்றைவிட வலியது. எந்திரங்கள் வேலைகளைப் பறித்துக்கொண்ட உலகில், பள்ளி முடித்த இளைஞர்க்கு வேலை இல்லை. அரசு அவர்களை ஓர் ‘ஆட்டத்துக்கு’ அழைக்கிறது. ஆட்டம் என்று எண்ணியது ஆட்டமன்று. இந்நூலை இன்று வேலை தேடும் இளைஞர் படித்தால் எளிதில் சிரிக்க இயலாது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நூல் என்ற வேகம் சில நூல்களில் தெரிகிறது. துணைமாந்தர் பலர் கருத்தைச் சுமக்கும் தூண்களாகவே நிற்கின்றனர். இதனினும் கனமான குறை மற்றொன்று. ‘ரிங்-ரைஸ்’ நாவலின் வேட்டைக்குடியினரையும், 1979-இல் எழுதிய ‘இருண்ட ஆற்றுக்கு அப்பால்’ நூலில் இடிந்து கிடக்கும் எட்மண்டன் நகருக்குள் நுழையும் கிரீ இனத்து மருத்துவப் பெண்ணையும் படைத்தவர் அவ்வினங்களைச் சேராதவர். அன்போடுதான் படைத்தார். ஆனால் அவர்கள் நிலத்தோடு ஒன்றியவர்கள், தூயவர்கள், ஞானம் உடையவர்கள் என்ற ஒரே வண்ணத்தில் வருகின்றனர். சலிப்பதில்லை, பொய் சொல்வதில்லை, சிறுமை செய்வதில்லை. 1990 சனவரியில் அனிஷினாபே எழுத்தாளர் லெனோர் கீஷிக்-டோபையஸ், தொல்குடியினர் கதைகளைப் பிறர் எடுத்து எழுதுவதை நிறுத்தவேண்டும் என்று ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழில் எழுதினார். கனடா இலக்கிய உலகில் நெடிய விவாதம் எழுந்தது. அந்த வினாவை மோனிகா ஹியூஸின் நூல்களிடமும் கேட்கலாம். காக்க எண்ணியவரே மற்றவரைத் தம் விருப்பப்படி மாற்றி வரைந்துவிடுவது அவருடைய கதைகளின் பொருள் மட்டுமன்று, அவருடைய எழுத்துக்கும் நேர்ந்தது. கார்டியனின் கை சில பக்கங்களில் ஆசிரியரின் கையாகவும் இருக்கிறது.

இறுதியாக ஒரு நூல். இதில் விண்கலமும் இல்லை, கோளும் இல்லை, வருங்காலமும் இல்லை. 1982-இல் வெளிவந்து, ஆசிரியருக்குத் தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் அதே பரிசைப் பெற்றுத் தந்த ‘ஹன்டர் இன் தி டார்க்’, ‘இருளில் வேடன்’. ஆல்பர்ட்டா காட்டு நிலமே களம். மைக் ரான்கின் பதின்வயது இளைஞன், விளையாட்டு வீரன். திடீரெனச் சோர்வும் காயத் தழும்புகளும் காண்கின்றன. மருத்துவமனை, ஊசி, மருந்து, முடி உதிர்தல். பெற்றோர் நோயின் பெயரைச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் மகன் உடைந்துபோவான் என்று அஞ்சுகின்றனர். நோய் இரத்தப் புற்று என்பதை அவனே கண்டறிகிறான். கண்டறிந்தபின், தனக்குத் தெரியும் என்பதை அவர்களிடமிருந்து அவன் மறைக்கவேண்டியதாகிறது. ஒரே கூரையின் கீழ் மூவர் மூன்று கவசங்களோடு உலவுகின்றனர்.

கார்டியனும் மைக்கின் பெற்றோரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள். ஒரே அன்பினால் செய்தவர்கள். ஐசிஸ் நாவலில் படிப்பவர் எந்திரத்தை ஐயுறலாம். இங்கே ஐயுற எந்திரம் இல்லை. எந்த வீட்டிலும் உள்ள தாய், எந்த வீட்டிலும் உள்ள தந்தை. பிள்ளைகள் படிக்கும் நூலில் சாவைக் கொணரலாமா என்று கேட்போர்க்கு இந்நூல் மறுமொழியாக எதையும் வாதிடவில்லை. சாவு நூலுக்கு வெளியிலேயே இருக்கிறது, பிள்ளைக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது, தெரியாதது போல் நடிக்கும் வேலையைத்தான் பெரியவர்கள் அவன்மேல் சுமத்துகிறார்கள் என்று காட்டுவதோடு அமைகிறது.

மைக்குக்கு நெடுநாள் ஆசை ஒன்று: கிளைத்த கொம்புடைய வெண்வால் மான் ஒன்றை வேட்டையாடவேண்டும். நோய்க்கு நடுவே, எவரிடமும் சொல்லாமல், துப்பாக்கியோடு தனியே காட்டுக்குப் புறப்படுகிறான். கதை காட்டையும் மருத்துவமனையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. குளிரும், அடுப்பு மூட்டும் முறையும், தடம் பார்க்கும் பொறுமையும், மரங்களுக்கிடையே விழும் வெளிச்சமும் மிகக் கவனமாக எழுதப்பட்டுள்ளன. ஆசிரியரின் இயற்கைக் காட்சிகளுள் இவையே மிகச் சிறந்தவை. அயற்கோளின் மேட்டு நிலத்தை அத்தனை நம்பகமாக எழுத முடிந்தது ஆல்பர்ட்டாவின் நிலத்தை அவர் இப்படிப் பார்த்திருந்ததனால்தான் என்று தோன்றுகிறது. இங்கே காடு எவரையும் காப்பதில்லை, எவருக்காகவும் மாறுவதில்லை, எதையும் மறைப்பதுமில்லை. அதனாலேயே அந்த இளைஞனுக்கு அங்கே மூச்சுவிட முடிகிறது.

கடைசியில் மான் வருகிறது. துப்பாக்கியின் குறிநோக்கி வழியே அதைப் பார்க்கிறான். வேட்டையாடப்படும் உயிர் எப்படி நிற்கும் என்பது அவனுக்கு இப்போது தெரியும். மாதக்கணக்கில் அவனே அப்படித்தான் நின்றிருக்கிறான். விரல் விசைமேல் இருக்கிறது. அவன் சுடவில்லை.